சேக்காட்டு இரைப்பும் சேத்துப்பட்டு ஆராய்ச்சியும்

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் ஆவடியைக் கடந்ததும், இந்துக் கல்லூரி, பட்டாபிராம் என்னும் இரு நிலையங்களை ஒட்டிக் கிடப்பது சேக்காடு. இன்று ஆவடி மாநகராட்சியில் அடங்கி, வீட்டோடு வீடு நெருங்கி நிற்கும் குடியிருப்பாக மாறிவிட்டதெனினும், ஏரியும் ஏரியை நம்பிய நெல்வயலும் வயலை அடுத்த களத்துமேடுமாகச் செங்கற்பட்டு ஜில்லாவின் மற்றைக் கிராமங்களைப் போலவே நெடுங்காலம் வாழ்ந்த ஊர் அது. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்ற தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி இந்தப் பக்கமாகத்தான் ஓடியது; 1955 ஜனவரியில், சோஷலிச பாணிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்த காங்கிரஸ் மகாசபை அடுத்த ஊராகிய ஆவடியில்தான் கூடியது; 1961-க்குப் பிறகு டாங்கித் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் எழுந்து இந்தப் பிரதேசத்தின் முகத்தையே மாற்றின. இவையெல்லாம் சரித்திரத்தில் ஏறிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டும் என்று அஞ்சி, திண்ணைச் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் கையூன்றி, விடியும்வரை உட்கார்ந்தே இரவைக் கழித்த இரைப்பு நோயாளிகளோ எந்தச் சரித்திரத்திலும் ஏறியவர்கள் அல்லர். ஆயினும் அந்த நோயை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் பழைய சென்னை ராஜதானிக்குப் பெரும் பங்கு உண்டு. அது நம்மவர்க்கே தெரியாமல் கிடப்பது என் உள்ளத்தை நெடுநாளாக உறுத்தி வரும் விஷயம்.

நம் முன்னோர் இந்நோயை நன்றாகவே பார்த்திருந்தார்கள். சரக சம்ஹிதை சுவாச ரோகத்தை ஐந்து வகையாகப் பிரித்து, அவற்றுள் தமக சுவாசம் என்பதன் லட்சணங்களைக் கூறுமிடத்தில், மேகம் கவிந்தால் மிகும், குளிரில் மிகும், கீழ்க்காற்றில் மிகும், படுத்தால் வருத்தும், உட்கார்ந்தால் சற்றுத் தணியும், நோயாளி உஷ்ணத்தையே விரும்புவான் என்று எழுதி வைத்திருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் ஏரிக்கரைக் காற்று வீசும்போது இந்தப் பக்கத்து மருத்துவ சாலைகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து அமர்வோரைக் கண்டவர், அந்தப் பழைய வர்ணனையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற விரும்பமாட்டார். சித்த வைத்தியர்கள் ஆடாதோடையும் தூதுவளையும் கண்டங்கத்திரியும் திப்பிலியும் கொண்டு கோழையை இளக்கினார்கள். ஊமத்தையின் இலையையும் வேரையும் உலர்த்திப் புகைக்கச் செய்து, அடைத்த மூச்சைத் திறந்தார்கள். இந்தக் கடைசிப் பிரயோகம் கடல் கடந்து போன கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கும்பினியாரின் தலைமை வைத்தியராக இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். செடி கொடிகளில் அடங்காத ஈடுபாடு கொண்டவர். சைதாப்பேட்டைப் பக்கத்தில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் போட்டு, செஞ்சாயம் தரும் பூச்சியை இந்நாட்டில் வளர்க்க அரும்பாடு பட்டவர். ஊமத்தை வேரைப் புகைத்தால் இரைப்பு அடங்குகிறது என்பதை இந்நாட்டு வழக்கத்திலிருந்து அறிந்த அவர், 1802-ஆம் ஆண்டில், அந்நோயால் துன்புற்ற ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவருக்கு அதனைப் பரிந்துரைத்தார். வேரைப் பிளந்து உலர்த்தி, இடித்து நாராக்கி, புகையிலை போலக் குழாயில் இட்டுப் புகைத்த ஜென்ட் அதனால் சுகம் கண்டு, அந்த மருந்தையும் அதன் பெருமையையும் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். சில வருஷங்களுக்குள் அங்குள்ள வைத்தியர்கள் நம் நாட்டு ஊமத்தைக்குப் பதிலாகத் தங்கள் நாட்டில் விளையும் அதே குடும்பத்துச் செடியைக் கையாளத் தொடங்கினர். 1811-ஆம் ஆண்டில் அதனால் பயன் பெற்றோர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து லண்டனில் ஒரு புத்தகமே வெளியாயிற்று. அன்று மூண்ட அந்தப் புகை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்துமா சிகரெட்டாகவும் ஆஸ்துமாத் தூளாகவும் அணையாமல் புகைந்தது. ஊமத்தையின் சத்தாகிய அட்ரோப்பினைத் திருத்தி அமைத்த இப்ராட்ரோப்பியம் என்னும் மருந்து, இன்றும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் மூச்சுத் திணறலோடு வருபவர் முகத்தில் வைக்கும் நெபுலைசர் கலவையில் சேர்ந்திருக்கிறது. ஆண்டர்சன் 1809-இல் சென்னையிலேயே காலமானார். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் அவருடைய சிலை இருக்கிறது. அவருக்கு அந்த வித்தையைக் கற்பித்த நாட்டு வைத்தியர் இன்னார் என்பதற்கு ஒரு கல்லும் இல்லை.

ஊமத்தைப் புகையின் வெற்றியே ஒரு விபரீதத்துக்கும் காரணமாயிற்று. புகைத்த மாத்திரத்தில் மூச்சு திறந்துகொள்வதைக் கண்ட மேல்நாட்டு வைத்தியர்கள், இந்நோய் மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசையின் இசிவேயன்றி வேறில்லை என்று முடிவு கட்டினர். தாமே ஆஸ்துமா நோயாளியாயிருந்த ஹென்றி ஹைட் சால்ட்டர் 1860-இல் எழுதிய பெருநூல் அந்தக் கொள்கையை நிலைநாட்டியது. பூனையின் அருகில் போனாலே தமக்கு மூச்சு முட்டுவதைக் குறித்தும், கடுங்காப்பி அருந்தினால் தணிவதைக் குறித்தும் எழுதிய கூர்மதியாளர் அவர். எனினும் நரம்பும் தசையும் செய்யும் வேலை என்றே எண்ணினார். 1892-இல் வில்லியம் ஆஸ்லர் தம் வைத்திய நூலில், இது சிறு மூச்சுக்குழல்களில் நேரும் ஒரு விசேஷமான அழற்சியாகவும் இருக்கலாம் என்று எழுதினார். அதனை ஏற்றுச் சிகிச்சையை மாற்றியவர் அன்று அநேகமாக எவரும் இலர்.

அழற்சி என்று இங்கே சொல்வது, உடல் தன் பாதுகாப்புக்காக அனுப்பும் ரத்த அணுக்கள் ஓரிடத்தில் திரண்டு, அங்குள்ள சவ்வை வீங்கச் செய்து, அரித்து, கோழையைப் பெருக்கும் செயலை. அவ்வணுக்களுள் ஒரு வகை, ஈயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை ஆவலுடன் ஏற்பதை 1879-இல் பால் எர்லிக் கண்டு அதற்கு ஈயோசினோபில் என்று பெயரிட்டார். 1922-இல் ஹியூபரும் கோஸ்லரும் ஆஸ்துமாவினால் இறந்தோரின் நுரையீரல்களை ஆராய்ந்து, மூச்சுக்குழலின் சுவர் தடித்திருப்பதையும், உள்ளே கோழை அடைத்திருப்பதையும், அங்கே இந்த ஈயோசினோபில் அணுக்கள் குவிந்திருப்பதையும் விவரித்தனர். இறந்தவர் உடலில் கண்ட உண்மை உயிரோடிருப்பவர் சிகிச்சைக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இதற்கிடையில் 1918-இல் பாஸ்டன் நகரத்து பிரான்சிஸ் ரேக்மன், நோயாளிகளை இரு கூறாக்கினார். மகரந்தம், தூசி, மிருகங்களின் ரோமம் முதலிய வெளிப் பொருள்கள் ஒவ்வாமையால் தூண்ட வரும் ஆஸ்துமா ஒன்று. அத்தகைய தூண்டுதல் எதுவும் அகப்படாமல், பெரும்பாலும் நடுவயதில், ஒரு ஜலதோஷத்துக்குப் பின் தொடங்கி நிலைத்துவிடும் ஆஸ்துமா மற்றொன்று. முன்னது வெளியிலிருந்து வருவது, பின்னது உள்ளிருந்தே எழுவது என்ற இப்பிரிவினை வைத்திய உலகில் வேரூன்றியது. 1966-67-இல், ஜப்பானிய தம்பதியராகிய இஷிசாகாக்கள் அமெரிக்காவிலும், யோஹான்சன், பென்னிக் என்போர் சுவீடனிலும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைக் கண்டபோது, முதல் வகையின் சூட்சுமம் விளங்கியது. அதே காலத்தில் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள், வீட்டுத் தூசியில் ஒவ்வாமையை விளைப்பது மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணி என்று காட்டினர். இரண்டாம் வகையோ இருளிலேயே இருந்தது.

இப்போது நம் ராஜதானிக்குத் திரும்புவோம். காசநோய்க்கு மருந்தில்லாத அந்தக் காலத்தில், மாதக்கணக்கில் இருமி இளைத்த ஒருவனைக் கண்டால் க்ஷயம் என்றே வீட்டாரும் ஊராரும் எண்ணினர். தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தொடங்கிய சானடோரியத்துக்கோ, அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த சித்தூர் ஜில்லாவில் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்துக்கோ அனுப்பி வைத்தனர். ஆரோக்கியவரத்துத் தலைமை வைத்தியரான டென்மார்க் தேசத்து பிரிமோட்-மொல்லரும் அவருடைய சகாவான பார்ட்டனும், அவ்வாறு க்ஷயரோகி என்று வந்து சேர்ந்தவர்களுள் சிலருடைய சளியில் கிருமியே இல்லை என்பதையும், அவர்களுடைய ரத்தத்தில் ஈயோசினோபில் அணுக்கள் அளவு கடந்து பெருகியிருப்பதையும் கவனித்து, 1940-இல் இந்திய வைத்தியப் பத்திரிகையில் எழுதினர். செய்யாத குற்றத்துக்குச் சிறையிருப்பவரைப் போல, இல்லாத காசநோய்க்காக வீட்டையும் வேலையையும் விட்டு ஒதுங்கிக் கிடந்த அந்த மக்களுக்கு, அந்தக் கட்டுரை விடுதலைப் பத்திரமாகவே அமைந்தது.

1943-இல் பம்பாயிலிருந்து வைன்கார்ட்டன் என்பவர் இதனை உஷ்ணமண்டல ஈயோசினோபீலியா என்று தனி நோயாக நிறுவினார். இரவில் மிகும் வறட்டிருமல், ஆஸ்துமா போன்ற இரைப்பு, ஜுரம், இளைப்பு, ரத்தத்தில் ஈயோசினோபில் பெருக்கம் என்னும் லட்சணங்களோடு, வேறொரு நோய்க்காக ஆர்செனிக் மருந்து செலுத்தப்பட்ட ஒருவருக்கு இந்த இரைப்பும் தீர்ந்ததைக் கண்டு அந்த மருந்தையே இதற்கும் விதித்தார். காரணம் மட்டும் தெரியவில்லை. சிங்கப்பூரில் டாக்டர் தனராஜ், யானைக்கால் புழுவை அழிக்கும் டைஎதில்கார்பமசின் என்னும் மாத்திரை இந்நோயை அடக்குவதை 1958-இல் காட்டியபோது, சந்தேகம் யானைக்கால் புழுவின்மீது திரும்பியது. இரவிலே ரத்தம் எடுத்துத் தேடினாலும் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் அப்புழு அகப்படாது. அகப்படாத குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தவர்கள் நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவர். நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கழலை ஆகியவற்றிலிருந்து எடுத்த திசுவில் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் சிக்கிக் கிடப்பதையும், அவற்றைச் சுற்றி ஈயோசினோபில் அணுக்கள் மொய்த்திருப்பதையும் 1960-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டனர்.

தேங்கிய சாக்கடையில் பெருகும் கொசு, அக்கொசுவால் பரவும் யானைக்கால் புழு, அப்புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கும்போது அங்கே உடல் அளவுக்கு மீறிக் காட்டும் சினம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்த இரைப்பு உண்டாகிறது. யானைக்கால் நோய் பரவியிருந்த செங்கற்பட்டு ஜில்லாவில், ஈஸ்னோபீலியா என்னும் பெயர் எழுத்தறியாப் பாட்டியின் வாயிலும் புகுந்து, ஹெட்ரசான் என்ற பெயரில் விற்ற அந்த டைஎதில்கார்பமசின் மாத்திரை குடும்ப மருந்தானதில் வியப்பில்லை. பின்னாளில் சாதாரண ஆஸ்துமாவையும் அந்தப் பெயரால் அழைத்து, வேண்டாத மாத்திரையை வாங்கி விழுங்கியவர் ஏராளம். ஆயினும் அந்தத் தவறான வழக்குக்குள் ஓர் ஆழ்ந்த உண்மை அடங்கியிருந்தது: அந்தப் புழுநோயின் இரைப்பிலும் ஆஸ்துமாவின் இரைப்பிலும் நெஞ்சுக்குள் திரள்பவை பெரும்பாலும் அதே அணுக்கள்தாம்.

அந்த அணுக்கள் உள்ளே என்ன செய்கின்றன என்பதை நேரில் காண, சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையம் வழி வகுத்தது. காசநோயாளியை ஆஸ்பத்திரியில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபிக்க 1956-இல் தோன்றிய ஸ்தாபனம் அது. அங்கே டாக்டர் வி. கே. விஜயனும் அவருடைய சகாக்களும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்து விஞ்ஞானிகளோடு கூடி, வளையும் கண்ணாடி இழைக் குழாயை நோயாளியின் மூச்சுக்குழல் வழியே செலுத்தி, உப்பு நீரை விட்டு நுரையீரலின் ஒரு பகுதியைக் கழுவி, அந்தக் கழுவுநீரில் வந்த அணுக்களை ஆராய்ந்தனர். புதிதாக ஈயோசினோபீலியா கண்டவர்களின் நுரையீரலில் அந்த அணுக்கள் பிரமிக்கத்தக்க அளவில் குவிந்திருப்பதையும், அவற்றுள் உள்ள விஷத் துகள்கள் வெளியே கொட்டப்பட்டிருப்பதையும், மாத்திரை கொடுத்த இரண்டு வாரங்களுக்குள் அவை விரைந்து குறைவதையும் 1987-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

அவர்கள் அதனோடு நிற்கவில்லை. மூன்று வாரச் சிகிச்சை முடித்து, ஏறத்தாழ ஓராண்டு சென்ற பிறகு, அதே வகை நோயாளிகளின் நுரையீரலை மீண்டும் கழுவிப் பார்த்தபோது, பலருக்கு அழற்சி முற்றும் நீங்காமல் மெல்லிய அளவில் தொடர்ந்திருப்பதைக் கண்டு 1990-இல் அறிவித்தனர். இரைப்பு பெரிதும் தணிந்தது, எரிச்சல் நிற்கவில்லை. நோயின் ஓசையும் நோயும் ஒன்றல்ல என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான ஒரு சான்றை நான் அறியேன். ஜெனரல் ஜென்ட்டின் குழாய்ப் புகை தொடங்கி வைத்த மயக்கத்தைத் தெளிவிக்கும் விடை, அவர் குழாய் பிடித்த அதே சென்னையில், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி.

சேக்காட்டைச் சூழ்ந்த பிரதேசம் இக்காலத்துக்குள் வேறு உருவம் கொண்டுவிட்டது. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும் டயர் தொழிற்சாலையும் எழ, 1960-களில் தொழிற்பேட்டையும் பரவியது. வயலில் நின்ற தகப்பனாரின் பிள்ளைகள் பட்டறையிலும் வர்ணம் தெளிக்கும் கூடத்திலும் நின்றார்கள். களத்துமேட்டுத் தூசியும் வைக்கோற்புழுதியும் போய், இரும்புப் புகையும் பஞ்சுத் தூசியும் வந்தன. வர்ணத்தில் கலக்கும் ஐசோசயனேட் போன்ற ரசாயனங்கள், எந்த ஒவ்வாமையும் இல்லாத பலசாலியான தொழிலாளிக்கும் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லவை. பெரும்பாலோரிடம் ஐஜிஇ சோதனையில் ஒன்றும் தென்படாது. வறண்ட ஏரி வயிற்றில் அடர்ந்த சீமைக் கருவேலமோ, தன் மகரந்தத்தால் ஒவ்வாமை உடையவரை வருத்தும். கொசுவத்திப் புகை, போகிப் புகை, மார்கழிப் பனி, வைரஸ் ஜலதோஷம் ஆகியவை இருசாராரையும் ஒருங்கே தாக்கும். ஒரே தெருவில், ஒரு வீட்டுச் சிறுவனுக்கு மெத்தைத் தூசியாலும் அடுத்த வீட்டு வெல்டருக்குப் புகையாலும் இரைப்பு வருமானால், இவ்விரண்டும் ஒரே நோயா, இருவேறு நோய்களா?

இந்தக் கேள்விக்கு விடை 1990-களில் லண்டனில் கிடைத்தது. ஹம்பர்ட், டர்ஹாம், கே முதலிய ஆராய்ச்சியாளர்கள் இருவகை நோயாளிகளின் மூச்சுக்குழல் சவ்விலிருந்தும் சிறு துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டபோது, ஈயோசினோபில்களை வரவழைக்கும் இன்டர்லூக்கின்-5 என்னும் தூதுப் பொருளும், ஒவ்வாமைக்குரியது என்று கருதப்பட்ட இன்டர்லூக்கின்-4-ம் இரு சாராரிடமும் மிகுந்திருந்தன. தோலில் ஊசி குத்திச் சோதித்தால் ஒன்றும் காட்டாதவரின் மூச்சுக்குழலும், ஒவ்வாமை உடையவரின் மூச்சுக்குழலைப் போலவே அழன்றிருந்தது. ஒவ்வாமையின் துணையின்றியே அதே தூதுப் பொருள்களைச் சுரக்கும் ஒருவகை வெள்ளணு பிறகு 2010-இல் கண்டறியப்பட்டபோது, ரேக்மன் வகுத்த இரு வழிகளும் உள்ளே ஒரே சாலையில் கூடுவது பின்னும் தெளிவாயிற்று. எல்லாரும் அப்படியல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈயோசினோபில் இல்லாமல் வேறு அணுக்கள் மிகுந்த ஆஸ்துமாவும் உண்டு, அதற்கு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்த வேற்றுமையை 1958-லேயே இங்கிலாந்தில் மாரோ பிரவுன் என்னும் வைத்தியர், நோயாளியின் சளியைத் தாமே நுண்நோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தார். 1972-இல் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தின் பயனை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவரும் அவரே.

நம் நாட்டில் 1976-இல் சிப்லா நிறுவனம் உறிஞ்சு மருந்துகளைக் கொண்டுவந்தது. வந்தும், இன்ஹேலர் பிடித்தால் அடிமையாகிவிடுவோம், அது கடைசி மருந்து, பெண்ணுக்கு வரன் அமையாது என்னும் அச்சங்கள் அதனை வாசலிலேயே நிறுத்தின. மழை நாளில் இழுப்போடு வருபவருக்கு டெரிஃபிலினும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் சேர்த்து ஓர் ஊசி, அன்றிரவு தூக்கம், மறுமாதம் மறுபடி அதே ஊசி. ஜூன் மாதத்தில் உயிர் மீனோடு மருந்து விழுங்க ஹைதராபாத்துக்கு ரயில் ஏறியவர்களும் உண்டு. இன்ஹேலர் வாங்கியவர்களும் உடனே சுகம் தரும் சால்ப்யூட்டமாலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உடனே எந்தச் சுகத்தையும் காட்டாத ஸ்டீராய்டு இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிட்டார்கள். முன்னது ஊமத்தைப் புகையின் வேலையைச் செய்வது. பின்னதே உள்ளே கனலும் அழற்சியைத் தணிப்பது. உறிஞ்சும் ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராமில் கணக்கிடப்படுவது. அடிக்கடி போட்டுக்கொள்ளும் ஊசியால் உடல் முழுவதும் பரவும் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டால் அது மிக மிகச் சிறிது.

2019-ஆம் ஆண்டில், ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளாவிய நெறிமுறை வகுக்கும் ஜினா என்னும் அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்ப்யூட்டமால் போன்ற விரைவு மருந்தை மட்டும் தனியே கொடுத்துவரும் வழக்கத்தைக் கைவிடும்படியும், நோய் லேசாயிருந்தாலும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு உறிஞ்சு மருந்து ஏதேனும் ஒரு முறையில் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றும் அறிவித்தது. சேக்காட்டிலோ, திருமுல்லைவாயிலிலோ, பூந்தமல்லியிலோ இதனைப் படிக்கும் அன்பர் எவர் வீட்டிலேனும் அலமாரியில் அந்த இன்ஹேலர் தூசி படிந்து கிடக்குமானால், ஒவ்வாமைச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்திருந்தாலும் சரி, இரைப்பு நின்று மாதங்கள் ஆகியிருந்தாலும் சரி, தாமாக நிறுத்தி வைக்காமல், அதனைக் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஒருமுறை போய், எவ்வளவு காலம், எந்த அளவில் தொடர வேண்டும் என்று கேட்டறியுமாறு வேண்டுகிறேன்.